ஷெட்டில் விட்ட கேம்பர் வேன்: யாரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: அண்ணாச்சி, எனக்குப் பாளையங்கோட்டை, வேலை சென்னையில். டிராவலர் வேன் ஒன்றில் படுக்கை, சமையல் மேடை, ஃபிரிட்ஜ், சோலார் எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றி, ஆர்.சி.யிலும் பதிந்து வைத்திருக்கிறேன். போன ஆடிக் கடைசியில் நாலுவழிச் சாலைப் பக்கம் ஒரு ஷெட்டில் மாதம் 3,500 ரூபாய் வாடகைக்கு விட்டேன். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைக்க மாதம் 300 ரூபாய் தனி, சாவியும் அவரிடம்தான். இப்போது பங்குனியில் வந்து பார்த்தால் வண்டி ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. பின்பக்க இடது மூலை நசுங்கி லைட் உடைந்திருக்கிறது. படுக்கைக்கு மேலே பிளைவுட் ஊறிவிட்டது, மெத்தையில் பூஞ்சை, வயர்களை எலி கடித்திருக்கிறது, பேட்டரி செத்துக் கிடக்கிறது. கேட்டால் 'ரசீதில் ஓனர் ரிஸ்க் என்று போட்டிருக்கே' என்கிறார். இரண்டு மாத வாடகை பாக்கியைக் கட்டி, புகார் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் வண்டியாம். ஃபுல் இன்சூரன்ஸ் ஆனி வரை இருக்கிறது, ஆனால் உள் வேலைப்பாடு அதில் சேரவில்லை. இன்சூரன்சில் கேட்பதா, அவரிடம் கேட்பதா? முதலில் வண்டியைச் சரிபண்ணு, சண்டையை அப்புறம் வைத்துக்கொள் என்கிறான் மச்சான். அடுத்த தடவை எங்கே விடுவது என்றும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, மச்சான் பேச்சை மட்டும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். இன்சூரன்ஸ் சர்வேயர் வேலையில் நான் அதிகம் பார்த்த கேஸ் அதுதான்: தச்சரையும் டிங்கரையும் கூட்டிவந்து எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கிவிட்டு, பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பணம் கேட்பார்கள். சேதத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரும் பணம் தரமாட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியும் தராது, ஷெட்காரரும் தரமாட்டார்.

நீங்கள் இதை ஒரே நஷ்டமாகப் பார்க்கிறீர்கள். என் கண்ணுக்கு இது நான்கு தனித்தனி சேதம். நான்குக்கும் காரணம் வேறு, காலம் வேறு, பணம் கொடுக்க வேண்டிய ஆளும் வேறு. 'வண்டி நாசமாப்போச்சு, ஒன்றரை லட்சம் கொடு' என்று மொத்தமாகக் கேட்டால் கம்பெனி ஷெட்காரரைக் கைகாட்டும், அவர் எலியையும் மழையையும் கைகாட்டுவார், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். அதனால் பிரித்துப் பார்ப்போம்.

அதற்கு முன்னால், வண்டி அங்கேயே நிற்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று. பேட்டரி நெகடிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். ஜம்ப் வயர் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையே வேண்டாம், எலி கடித்து உறை போன வயர் பாடியில் தொட்டுக்கொண்டிருந்தால் கரண்ட் பாய்ந்த நிமிஷத்தில் தீப்பிடிக்கலாம், உள்ளே பூஞ்சை பிடித்த மெத்தையும் பிளைவுட்டும் அதற்கு விறகு. சோலார் தகடு மேலே இருக்கிறதல்லவா, அதிலிருந்து வரும் லைனையும் பிடுங்கிவிடுங்கள், வெயில் இருக்கும்வரை அது கரண்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். கேஸ் சிலிண்டர் உள்ளே இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. சாவியைத் திருகாமல் கட்டி இழுத்துப் போனவர்களுக்குப் பெரும்பாலும் சுத்தம் செய்வதோடு முடிந்தது. ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்று திருகியவர்களுக்கு இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைந்தது, தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காதவர்களிடம் அது வெள்ளச் சேதம் இல்லை, நீங்களே செய்துகொண்டது என்று கம்பெனி சொல்லிவிட்டது. உங்கள் வயர் விஷயமும் அதே ரகம்தான்.

அப்புறம் போட்டோ. வண்டி முழுவதும் தெரிகிற மாதிரி நாலு பக்கமும், பிறகு ஒவ்வொரு சேதமும் தூரத்திலும் கிட்டத்திலும், பின்னே கிலோமீட்டர் மீட்டர், டயர், கூரை, வண்டிக்கு அடியில் தரை. வண்டி மரத்தடியில் நிற்பது ஷெட்டோடு சேர்ந்து தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும், அதனால் போனில் இருக்கிற அசலை அழிக்காதீர்கள். அங்கே கேமரா இருந்தால் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி இன்றைக்கே அவருக்கு எழுத்தில் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். இந்தக் கேமராக்களில் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிக்கொண்டிருக்கும், தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது.

இனி அந்த மூலை நசுங்கல். இது எப்போது நடந்தது என்று தகடே சொல்லும். பெயிண்ட் உரிந்த இடம் பளிச்சென்று இருந்தால் சமீபத்தில் நடந்தது, செம்மண் நிறத்தில் துரு பிடித்திருந்தால் ஐப்பசி கார்த்திகை மழையைப் பார்த்த காயம். உரசலில் வேறு நிறப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா, தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து படமெடுங்கள். லைட்டின் உடைந்த சில்லு ஷெட் தரையில் கிடந்தால் சம்பவம் அங்கேயே நடந்தது. ஒரு சில்லுகூட இல்லையென்றால் வண்டி வெளியே போய்வந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். ஃபாஸ்டேக் கணக்கைத் திறந்து பாருங்கள், நாங்குநேரிச் சுங்கச்சாவடியில் உங்களுக்குத் தெரியாமல் பணம் கழிந்திருந்தால் பேச்சே மாறிவிடும், அப்போது போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். (மனு கிடைத்ததற்கான ரசீது) வாங்க வேண்டியதுதான். அப்படி எதுவும் இல்லையென்றால் போலீசைக் கூப்பிடாதீர்கள், இது சிவில் விவகாரம்.

என் அனுபவத்தில் இப்படிப்பட்ட ஷெட்டில் நடப்பது என்னவென்றால், உள்ளே நிற்கும் வண்டியை எடுக்க வெளியே நிற்பதை நகர்த்துவார்கள், சாவி கையில் இருக்கிறதே. டிராவலர் மாதிரி நீள வண்டியை ஓட்டிப் பழகாத பையன் ரிவர்ஸ் எடுத்திருப்பான்.

இந்த நசுங்கலுக்கு இன்சூரன்சும் பணம் கொடுக்கும், வெளியிலிருந்து வந்த விபத்துச் சேதம் என்ற கணக்கில். ஆனால் முழுசாக வராது. தகட்டுக்கு வண்டி வயசைப் பொறுத்துத் தேய்மானம் கழிப்பார்கள், பம்பர், லைட் மாதிரி பிளாஸ்டிக்குக்குப் பாதிதான் வரும் (தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுத்திருந்தால் வேறு கதை), அதற்கு மேல் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, அப்புறம் கிளெய்ம் கேட்காமல் இத்தனை வருஷம் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி போய்விடும். டிங்கரிங், பெயிண்டிங், லைட் எல்லாம் சேர்த்து ஒரு எஸ்டிமேட் வாங்கி, கையில் உண்மையாக வரப்போகும் தொகையையும் போகப்போகும் போனசையும் எழுதிப் பாருங்கள். சின்னத் தொகைக்கு கிளெய்ம் போடுவது பல நேரம் நஷ்டம். போடுவதாக முடிவெடுத்தால் விபத்து தேதி என்ற இடத்தில் ஒரு தேதியை ஜோடித்து எழுதாதீர்கள். 'ஷெட்டில் நிறுத்தியிருந்தபோது நடந்தது, பார்த்தது இன்ன தேதி' என்று உள்ளதை எழுதுங்கள். தாமதம் ஒன்றையே காட்டி நியாயமான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2011-லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பொய்த் தேதிக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அடுத்து தண்ணீர். இதில்தான் உங்கள் பெரிய பணம் இருக்கிறது, இதில் இன்சூரன்ஸ் உங்களுக்கு உதவாது. ஒன்று, உள் வேலைப்பாடு பாலிசியிலேயே இல்லை. இரண்டு, கூரைச் சந்து வழியே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய தண்ணீரைத் தேய்மானம் என்றுதான் எந்த சர்வேயரும் எழுதுவார், நானே போயிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அப்படியானால் ஷெட்காரர் பொறுப்பா? அவர் கூரையடியில் வைப்பதாகச் சொல்லி வாங்கி, வெளியே தள்ளி நிறுத்தியிருந்தால், ஆமாம். நேற்றுத்தான் நகர்த்தினேன் என்பார், கட்டாயம் சொல்வார். அதனால் எத்தனை நாள் வெளியே நின்றது என்பதற்கு வண்டியிலேயே சாட்சி தேடுங்கள். மாசி பங்குனியில் உதிர்ந்த காய்ந்த வேப்பஞ்சருகு மட்டும் கூரையில் கிடந்தால் அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். வைப்பருக்கு அடியிலும் கூரை வாய்க்காலிலும் சருகு மக்கிக் கறுத்து மண்ணாகிக் கிடந்தால் மழைக்காலம் முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறது. ஒரு பக்கத்து டயர் மட்டும் வெயிலில் வெடிப்பு விட்டிருக்கிறதா, தரையில் டயர் அமுங்கிய தடம் ஆழமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளைவுட்டில் தண்ணீர்க் கறை ஒரே வளையமா, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையமா? பல வளையம் என்றால் பல தடவை நனைந்து காய்ந்தது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மழையில் நின்றாலும் ஒழுகாமல் இருக்க வேண்டியது கூரையின் வேலை. அந்த சோலார் தகட்டை முடுக்கிய ஸ்க்ரூ ஓட்டைகளும் மேல் ஜன்னலின் ஓரமும்தான் ஒழுகும் இடம், நான் பார்த்த கேம்பர்களில் பெரும்பாலும் அப்படி. அங்கே பூசிய சீலண்ட் காய்ந்து வெடித்திருந்தால் அந்தப் பங்கு உங்களுடையது, நூற்றுக்கு நூறு அவரிடம் கேட்டால் எந்த நுகர்வோர் ஆணையமும் தராது. பாதிக்கு மேல் வந்தால் நல்ல தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி செய்யும்போது, ஊறிய பிளைவுட் மேல் புதுத் தகடு ஒட்டி மறைக்க விடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அந்த இடம் அப்பளம் மாதிரிதான், வெட்டி எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை நம்மூர் சித்திரை வெயிலில் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து சில வாரம் உலர விடுங்கள், காசு கொடுத்தாலும் அதைவிட நல்ல டிரையர் கிடைக்காது. மெத்தையைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை பிடித்ததை வெயிலில் போட்டுத் தட்டித் திரும்பப் போட்டுப் படுப்பது நெஞ்சுக்கு ஆகாது. கூரை ஓட்டைக்கு எம்-சீல் வைத்து அடைக்கிற வழக்கம் நம் பக்கம் நிறைய, அது கல் மாதிரி இறுகி, வண்டி குலுங்கக் குலுங்க ஓரத்தில் விண்டுவிடும். சிலிகானும் வேண்டாம், பின்னால் அதன் மேல் வேறெதுவும் ஒட்டாது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு பியூட்டைல் டேப், அதன் மேல் பாலியூரித்தேன் சீலண்ட் என்று சொல்லி வாங்குங்கள்.

எலி விஷயம் இழுபறி. திடீரென்று வெளியிலிருந்து வந்த சேதம் என்று சில கம்பெனி ஒத்துக்கொள்ளும், சில கம்பெனி மின்கோளாறு என்று தள்ளும், பாலிசி வாசகத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும். இன்ஜின் பக்கத்து வயரிங்குக்குக் கேட்டுப் பார்க்கலாம், உள்ளே நீங்கள் இழுத்த வயரிங் உள் வேலைப்பாட்டோடு போய்விடும். கடித்த இடத்தில் செம்பு பச்சை பிடித்திருக்கிறதா, மின்னுகிறதா என்று படமெடுங்கள், கழற்றிய வயரைத் தூக்கி எறியாதீர்கள். ஷெட்காரர் மேல் இதைப் போடுவது கஷ்டம், தன் சொந்த வண்டியையும் அவர் எலியிடமிருந்து காப்பாற்றியிருக்க மாட்டார். நீங்கள் உள்ளே அரிசியோ பிஸ்கட்டோ விட்டுப் போயிருந்தால் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

பேட்டரிக்கு இன்சூரன்சில் ஒன்றும் வராது. 300 ரூபாய் வாங்கியவர் ஸ்டார்ட் செய்யவே இல்லை என்பீர்கள். சைலன்சர் குழாய் வாயைப் பாருங்கள், குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்திருந்தால் இன்ஜின் ஓடி வெகுநாள் ஆயிற்று என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கூடு இல்லையென்றால், அவர் உண்மையாகவே வாராவாரம் ரெண்டு நிமிஷம் ஓட்டி அணைத்திருக்கவும் கூடும். ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டை அந்த ரெண்டு நிமிஷம் திரும்ப நிரப்பாது, அதுவே பேட்டரியைச் சாகடிக்கும். அந்த 300-ஐ எட்டு மாதத்துக்கும் திருப்பிக் கேளுங்கள், பேட்டரி விலையில் பாதியைக் கேளுங்கள், அதற்கு மேல் சண்டை போட இது லாயக்கில்லை.

இனி 'ஓனர் ரிஸ்க்'. அந்த ரப்பர் ஸ்டாம்ப் அவர் நினைக்கிற அளவுக்குப் பெரிய கேடயம் இல்லை. இங்கே முக்கியமான கேள்வி, சாவி யாரிடம் இருந்தது என்பது. இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, பூட்டிச் சாவியை நீங்களே கொண்டுபோயிருந்தால் அவர் வெறும் இடக்காரர். சாவியைக் கொடுத்து, பராமரிக்கத் தனிப் பணமும் கொடுத்துவிட்டால் பொருளை ஒப்படைத்ததாக ஆகிவிடும். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவு, சாதாரணப் புத்தியுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவு கவனத்தோடு இவர் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. 1998-இல் டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் காணாமல் போன வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அந்த டோக்கனிலும் உரிமையாளர் பொறுப்பு என்ற வாசகம் இருந்தது. வண்டியைக் கையில் வாங்கியவர்தான் தான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதை முதலில் நிரூபிக்க வேண்டும், தன் கவனக்குறைவை மறைக்க அந்த வாசகத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் மூலை நசுங்கலுக்கு இது அப்படியே பொருந்தும். அந்த 300 ரூபாயை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதன் பதிவுதான் உங்கள் கையிலிருக்கும் நல்ல ஆவணம்.

பாக்கி வாடகைக்கு வண்டியைப் பிடித்து வைப்பது பற்றி: பொருளின் மேல் உழைப்பும் திறமையும் செலவழித்தவருக்குக் கூலி வரும்வரை பிடித்துவைக்க அதே ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு உரிமை கொடுக்கிறது, மெக்கானிக் மாதிரி. வெறுமனே நிறுத்தி வைத்தவர், ஒப்பந்தத்தில் அப்படி எழுதாதவரை, அதில் வருவது சந்தேகம். ஆனாலும் இரண்டு மாத வாடகை நீங்கள் கொடுக்க வேண்டிய பணம்தான், அதைக் காட்டி மல்லுக்கட்டினால் உங்கள் பக்கம் பலவீனமாகும். 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று குறிப்புப் போட்டு வங்கி வழியாகக் கட்டிவிடுங்கள். சேதத்தைப் பதிவு செய்த பிறகு வண்டியைக் கட்டி இழுத்து வந்துவிடுங்கள்.

அந்தப் 'புகார் இல்லை' கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளிலும் போடாதீர்கள். இன்சூரன்ஸ் பணம் கொடுத்தால், சேதம் செய்தவரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போகும். அந்த தாஜ் வழக்கிலேயே பணம் கொடுத்த கம்பெனிதான் முன்னே நின்றது. நீங்கள் அவரை எழுதி விடுவித்துவிட்டால் கம்பெனியின் உரிமையைக் கெடுத்ததாகி, உங்கள் கிளெய்மும் சிக்கலாகும். வண்டியை விடவே மாட்டேன் என்று நின்றால் அப்போது ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பிறகு சேதம் வாரியாகத் தொகை போட்டு, போட்டோ, எஸ்டிமேட் இணைத்து, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். தமிழில் நீங்களே எழுதலாம். பதில் இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குக் கட்டணம் நீங்கள் கொடுத்த வாடகையை வைத்துத்தான், சேதத் தொகையை வைத்து இல்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, உங்கள் வாடகை மொத்தமும் முப்பதாயிரம்தான் வரும். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம், அதனால் சென்னையிலும் முடியும், ஆனால் வண்டியும் சாட்சியும் இங்கே இருக்கும்போது அங்கே எதற்கு? ஆள் ஒரே ஊர்க்காரர் என்றால் வழக்குக்கு முன்னால் தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிப் பாருங்கள், டிங்கரிங் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று இறங்கி வருவார், பல பேர் இறங்கியிருக்கிறார்கள்.

அடுத்த தடவை எங்கே விடுவது என்று கேட்டீர்கள். உவரி, கூடங்குளம் பக்கம் சும்மா இடம் கிடைத்தாலும் வேண்டாம், உப்புக் காற்று அடிப்பாகத்தைத் தின்றுவிடும். ஆற்றங்கரைத் தாழ்வும் வேண்டாம். சிமெண்ட் தரையும் கூரையும் உள்ள இடமாகப் பாருங்கள், புல் தரையில் நின்றால் கரையான் டயர் வழியாகவே பிளைவுட்டுக்கு ஏறும். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், டீசல் டேங்கை நிரப்பி வையுங்கள். தோட்டத்து ஷெட் என்றால் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடுங்கள், மயில் தன் நிழலைப் பார்த்துப் போட்டி மயில் என்று கொத்தித் தள்ளிவிடும், சிரிக்காதீர்கள், பெயிண்ட் போகும். விடும் அன்றைக்கே கிலோமீட்டரும் நாலு பக்கப் போட்டோவும் எடுத்து, கூரைக்கு அடியில்தான் நிற்கும், கேட்காமல் நகர்த்தக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பாலிசி ஆனியில் முடிகிறது என்றீர்கள். முடிந்து 90 நாள் தாண்டவிட்டால் போனஸ் தானாகவே போய்விடும். புதுப்பிக்கும்போது ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், சோலார் எல்லாவற்றையும் விலையோடு அறிவித்துச் சேர்த்துவிடுங்கள், மின்சாதனங்களுக்குப் பழைய டாரிஃப் என்ற கட்டண அட்டவணையில் மதிப்பில் 4 சதவீதம்தான் கூடுதல் பிரீமியமாக இருந்தது. கட்டில், அலமாரி வேலையையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். பில் கேட்பார்கள். கையில் இல்லையென்றால் வேலை செய்து கொடுத்த பட்டறையில் இப்போதே நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி இடம் மாறுகிறவர்கள்.